மிச்ச டி-சர்ட்டை வெள்ள நிவாரணத்துக்கு அனுப்பலாமா?

உங்கள் பனியன் கம்பெனியில் தேங்கிய டி-சர்ட்டுகளை வெள்ளம் பாதித்த ஊருக்கு ஒரு லாரி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல மனசு. ஆனால் லாரி கிளம்பும் முன் அந்த மாவட்ட எஸ்டிடி எண்ணோடு 1077-ஐ (மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை) அழைத்து, என்ன தேவை, எங்கே இறக்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் பழைய துணிகள் யாரும் தொடாமல் சாலையோரம் குவிந்து கிடந்தன.

நைட்டி, உள்ளாடை, குழந்தைகளுக்கு ஜட்டி இருந்தால் அவற்றை முதலில் ஏற்றுங்கள். எல்லாம் புதுசாக இருக்கட்டும். சைஸ் வாரியாகக் கட்டி, பண்டலின் மேல் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டால், இறக்குபவர்கள் பிரித்துத் தேட வேண்டியதில்லை.

அப்புறம் சிஎஸ்ஆர் (கம்பெனியின் சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கு: முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குக் கொடுக்கும் பணம் அதில் சேராது, பேரிடர் நிவாரணப் பணிக்குச் செய்யும் செலவு சேரும். ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.