ப்யூரிஃபையர் ட்யூபில் ரெசின் இறுகுமா?

கேள்வி: யூவி (புற ஊதா) ஒளி பட்டால் இறுகும் ரெசின் என்ற பிசினில் வீட்டிலேயே கம்மல், சாவிக்கொத்து செய்து விற்கிறேன். வாட்டர் ப்யூரிஃபையரிலிருந்து கழற்றிய பழைய யூவி ட்யூப் இன்னும் எரிகிறது. அதை வைத்தே ரெசினை இறுக வைக்கலாமா? ரிச்சி ஸ்ட்ரீட்டில் யூவி டார்ச்சும் பார்த்தேன்.
- வாசகி, வேளச்சேரி

பதில்: முதலில் அந்த ட்யூபை எடுத்து ஓரமாக வையுங்கள். வெளியே வைத்து எரியவிடவே கூடாது.

எல்லாவற்றுக்கும் யூவி என்றுதான் பெயர். ஆனால் அலைநீளம் மாறினால் வேலையே மாறிவிடும். ப்யூரிஃபையர் ட்யூபுக்குள் இருப்பது பாதரச ஆவி. அதிலிருந்து வருவது பெரும்பாலும் 254 நானோமீட்டர், அதாவது யூவி-சி. கிருமியின் டிஎன்ஏவைக் குலைக்கிற அதே கதிர் கண்ணையும் தோலையும் சும்மா விடாது. எரியும்போது மெல்லிய நீலம்தான் தெரியும், வலிக்காது. சில மணி நேரம் கழித்து, நல்ல தூக்கத்தில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தும். வெல்டிங் பட்டறைக்காரர்களைக் கேட்டால் அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்வார்கள். இத்தனைக்கும் ரெசினுக்கு அது சரிப்படாது: மேலே ஏடு கட்டும், உள்ளே பிசுபிசுக்கும்.

உங்கள் ரெசின் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 365–405 என்று போட்டிருக்கும். அது யூவி-ஏவும், அதை ஒட்டிய ஊதாவும். டார்ச்சுகளில் மலிவானவை பெரும்பாலும் 395; பளிச்சென்று ஊதாவாக அடிக்கும். 365 டார்ச் மங்கலாகத் தெரிவதால் பலர் அதை மட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். கடையிலேயே ஒரு 500 ரூபாய்த் தாளில் அடித்துப் பாருங்கள். 365இல் காகிதம் இருண்டு, இழைகள் மட்டும் தனியாக மின்னும். 395இல் தாள் முழுக்க ஊதா அப்பிக்கொள்ளும்.

சரி, எதை வாங்குவது? என்னைக் கேட்டால் டார்ச்சே வேண்டாம். ஜெல் நெயில் பாலிஷுக்கு வைக்கிற எல்இடி விளக்கு போதும். பலவற்றில் 365, 405 இரண்டுமே இருக்கும், கம்மல் முழுவதிலும் ஒளி விழும். அச்சு கண்ணாடி போலத் தெளிவாக இருக்கட்டும். ரெசினை மெல்லிய அடுக்காக ஊற்றி, ஒவ்வொன்றாக இறுகவிடுங்கள். நிறம் அதிகம் கலந்தால் எந்த விளக்கும் உள்ளே போகாது.

மின்சாரம் போன நாளில் மொட்டை மாடி இருக்கவே இருக்கிறது. நம்ம ஊர் வெயிலில் யூவி-ஏக்கு என்ன பஞ்சம்? ஆனால் ரெசின் பாட்டிலை ஜன்னலோரம் வைக்காதீர்கள். கண்ணாடி யூவி-சியைத் தடுக்கும், யூவி-ஏயில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும்.

அப்புறம் அந்தப் பழைய ட்யூப்: உள்ளே பாதரசம் இருப்பதால் உடைக்காமல், பேப்பரில் சுற்றி, மின்கழிவு வாங்குபவர்களிடம் தனியாகக் கொடுங்கள்.