மாரிக்கு முன் பழைய காரின் ரப்பர் வேலை: கேள்வி பதில்

பழைய கார் வைத்திருக்கும் நம் பக்கத்து ஆட்கள் அனுப்பிய கேள்விகளில் ரப்பர், பீடிங் (கதவு, கண்ணாடி, டிக்கி ஓரங்களில் தண்ணீரை மறிக்கும் ரப்பர் பட்டி) சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். எஞ்சின், கியர்பொக்ஸ் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம். ஐப்பசி பிறந்தால் தை வரைக்கும் நமக்கு மழைதான். கச்சான் காற்று அடிக்கிற காலத்திலேயே இந்த வேலையை முடித்துவிட்டால் நல்லது.

கல்லடி: அண்ணே, என்னிடம் 1962 மொரிஸ் மைனர் இருக்கிறது. மழை பெய்தால் முன் சீட்டின் அடியில் தண்ணீர் நிற்கிறது. நான்கு கதவுக்கும் புது பீடிங் போட்டும் ஒழுக்கு நிற்கவில்லை. இன்னும் தடித்த ரப்பர் போடலாமா?

வேண்டவே வேண்டாம். நீங்கள் குறை சொல்கிற பீடிங் அநேகமாகத் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. பழைய காரின் கதவுக்குள் மழைத்தண்ணீர் போவது பழுதில்லை, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஷட்டர் கண்ணாடி ஏறி இறங்கும் வாயில் இருக்கிற ரப்பர் கீற்று கண்ணாடியை வழித்துவிடுமே தவிர, மழையை முழுதாக மறிக்காது. உள்ளே இறங்கிய தண்ணீர் கதவின் அடியில் இருக்கும் துளைகளால் ஒழுகிப் போகவேண்டும். 60 வருடத்து மண், தும்பு, பெயின்ட், அடித்தகரத்துக்குப் பூசும் அண்டர்சீல் எல்லாம் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துக் கிடக்கும். கதவின் அடி விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். துளை தட்டுப்படாவிட்டால் மெல்லிய கம்பியால் கிண்டுங்கள். துரு கலந்த தண்ணீர் கொட்டினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது உள்பக்கத்துக் கதவு போர்டு. அதற்குப் பின்னால் ஒரு பொலித்தீன் விரிப்பு இருக்கவேண்டும். ஷட்டர் பழுதுபார்த்த யாராவது அதைக் கிழித்து எறிந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் கதவுக்குள் தெறிக்கும் தண்ணீர் போர்டை நனைத்துக்கொண்டு காருக்குள் வரும். தடித்த பொலித்தீனை வெட்டி, அதன் கீழ் ஓரம் கதவின் உள்ளே தொங்கும்படி ஒட்டுங்கள். செலவென்று சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியும் ஒழுகினால் தேடத்தான் வேண்டும். கார்பெட்டைக் கழற்றிவிட்டு ஒருவர் டோர்ச்சோடு உள்ளே இருக்க, மற்றவர் ஹோஸ் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடவேண்டும். முனையில் விரலை வைத்துப் பீச்சியடிக்காதீர்கள், அந்த அமுக்கத்துக்கு எந்தப் பழைய காரும் ஒழுகும். கீழிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வாருங்கள். கூரையிலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்துவிடும், எது ஒழுகியது என்று பிடிக்க முடியாது. மைனரில் விண்ட்ஸ்கிரீனின் கீழ் மூலைகளையும் தரையில் உள்ள ரப்பர் மூடிகளையும் வடிவாகப் பாருங்கள். கண்ணாடி மூலையால் இறங்கும் தண்ணீர் டாஷ்போர்டின் பின்னால் வழிந்து தரைக்கு வரும். பார்ப்பவருக்குக் கதவு ஒழுகியது போலத் தெரியும்.

காத்தான்குடி: காக்கா, நம்முடைய நாட்டிலேயே ரப்பர் மரம் நிற்கிறது. பிறகு ஏன் பீடிங்கை வெளிநாட்டிலிருந்து எடுக்கச் சொல்கிறீர்கள்?

நியாயமான கேள்விதான். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் ரப்பர் கன்று நட்ட நாடு நம்முடையது. ஆனால் எந்த இடத்தில் எந்த ரப்பர் என்று ஒன்று இருக்கிறது. மரத்துப் பாலில் வரும் ரப்பரின் மூலக்கூற்றுச் சங்கிலி நெடுக இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றில் உள்ள ஓசோன் அந்த இடத்தில்தான் வெட்டும். ரப்பர் வளைந்தோ இழுபட்டோ இருந்தால் இன்னும் மோசம், இழுவைக்குக் குறுக்காக நுண்ணிய வெடிப்புகள் விழும். பழைய பீடிங்கைக் கழற்றி வளைத்துப் பாருங்கள், மூலைகளில்தான் அந்த வெடிப்பு முதலில் தெரியும். ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பரின் பிரதான சங்கிலியில் அந்த இரட்டைப் பிணைப்பு கிடையாது. வெயில், ஓசோன், சூடு மூன்றையும் அது தாங்கும். கதவு, கண்ணாடி, டிக்கி என்று வெளியே வெயில் படும் இடங்களுக்கு அதுதான் சரி. எஞ்சின் மவுன்ட், ஸ்பிரிங் புஷ் மாதிரி அதிர்ச்சியைத் தாங்கும் இடங்களுக்கு இயற்கை ரப்பர் அருமையானது. அங்கே உள்ளூர்ச் சரக்கைத் தாராளமாகப் போடுங்கள்.

ஸ்பொஞ்ச் பீடிங் வாங்கும்போது ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பாருங்கள். தண்ணீரைக் குடித்தால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகரத்தைத் தின்னும்.

ஏறாவூர்: பீடிங் காயாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் பூசலாமா? கிறீஸ்? டபிள்யூடி-40?

மூன்றும் வேண்டாம். சாதாரணக் கிறீஸும் டபிள்யூடி-40உம் பெற்றோலியப் பொருட்கள், ஈபிடிஎம் அதில் ஊறி வீங்கும். தேங்காய் எண்ணெய் கொஞ்ச நாள் மினுங்கும், பிறகு நம்முடைய மணல்தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, சிலிக்கன் கிறீஸை மெல்லியதாகத் தேய்த்தால் போதும். கிளிசரினும் ஆகும், பார்மசியில் கிடைக்கும். வெடித்துக் கல்லாகிப்போன ரப்பரை எந்த எண்ணெயாலும் திரும்ப எடுக்க முடியாது.

களுவாஞ்சிக்குடி: வாப்பாவின் 1967 வொக்ஸ்வேகன் பீட்டிலைத் திருத்துகிறோம். விண்ட்ஸ்கிரீன் ரப்பரை நாங்களே மாற்றலாமா? கண்ணாடி உடைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

மாற்றலாம் தங்கச்சி, ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். பீட்டிலுக்கு இரண்டு விதமான ரப்பர் வருகிறது. ஒன்றில் அலுமினியப் பட்டி உட்காரப் பள்ளம் இருக்கும், மற்றதில் இருக்காது. உங்கள் காரில் பட்டி இருந்தால் பள்ளம் உள்ளதைத்தான் கேட்கவேண்டும். அளவும் முக்கியம். 1965 மொடலோடு பீட்டிலின் கண்ணாடிகளைப் பெரிதாக்கினார்கள், அதற்கு முந்திய ரப்பர் உங்கள் காருக்குப் பொருந்தாது.

பழைய ரப்பரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வெளி உதட்டைக் கூரான கத்தியால் சுற்றிவர வெட்டி எடுத்துவிட்டால் கண்ணாடி வலியில்லாமல் கழன்று வரும். பலவந்தமாக நெம்புகிறவர்கள்தான் உடைக்கிறார்கள். கழன்ற பிறகு தகர விளிம்பைப் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஓடிய கார் என்றால் கீழ் விளிம்பில் துரு இருக்கும், எழுதியே தருவேன். ஓட்டை விழுந்திருந்தால் வெட்டிப் புதுத் தகரம் வெல்ட் பண்ணவேண்டும். புட்டி வைத்து மூடினால் அது ஈரத்தை உறிஞ்சி, உள்ளுக்குள் துரு ஓடிக்கொண்டே இருக்கும். மேல்துரு மட்டும் என்றால் சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, காயவிட்டு, எபொக்ஸி பிரைமர் அடித்துப் பெயின்ட் பண்ணுங்கள். பெயின்ட் நன்றாக இறுகிய பிறகுதான் ரப்பர்.

புது ரப்பரைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொஞ்ச நேரம் வெயிலில் போடுங்கள், இளகிவிடும். அதை முதலில் கண்ணாடியில்தான் மாட்டவேண்டும், காரில் அல்ல. மாட்டியதும் அலுமினியப் பட்டியையும் ரப்பருக்குள் செலுத்திவிடுங்கள். கண்ணாடி காரில் ஏறிய பிறகு செலுத்தப் பார்த்தால் பட்டி கோணிப்போகும், கையும் வெட்டும். பிறகு, தகர விளிம்பு உட்காரும் பள்ளத்தில் 3 அல்லது 4 மில்லிமீற்றர் நைலோன் கயிற்றைச் சுற்றிவரப் பதியுங்கள். இரண்டு நுனிகளும் கீழ்ப்பக்கம் நடுவில் ஒரு சாண் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, உள்ளே தொங்கவேண்டும். மீன்பிடிச் சாமான் கடைகளில் இந்தக் கயிறு எத்தனை மீற்றர் வேண்டுமானாலும் கிடைக்கும். தங்கூசி (மெல்லிய தூண்டில் நரம்பு) வேண்டாம், அது ரப்பரின் உதட்டை அறுத்துவிடும்.

விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியைக் காரில் வைத்து, ஒருவர் வெளியே இருந்து உள்ளங்கையால் அழுத்தவேண்டும். மற்றவர் உள்ளே இருந்து கயிற்றை மெதுவாக இழுக்க, ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே விழும். இழுக்கிற இடமும் அழுத்துகிற இடமும் ஒன்றாக நகரவேண்டும். மூலைகளில் அவசரப்படாதீர்கள். ஒருபோதும் குத்தாதீர்கள், கண்ணாடியின் ஓரத்தில் இரும்பு ஆயுதம் எதுவும் படக்கூடாது. டெம்பர் பண்ணிய கண்ணாடி என்றால் ஓரத்தில் விழும் சின்ன அடியே அதைப் பொரியாக்கிவிடும்.

வாழைச்சேனை: எனக்கும் பீட்டில்தான். எஞ்சினைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டி இற்றுப்போனது. அது தேவையில்லை என்று கராஜில் கழற்றி எறிந்துவிட்டார்கள். இப்போது கார் சூடாகிறது.

உடனே வாங்கிப் போடுங்கள். பீட்டிலின் எஞ்சினைக் குளிர்விப்பது காற்று மட்டும்தான், ரேடியேட்டர் கிடையாது. மேலே உள்ள குளிர்ந்த காற்றை விசிறி இழுத்து, சிலிண்டர்கள் மேல் தள்ளி, சூடான காற்றைக் கீழே விடுகிறது. அந்த ரப்பர்தான் மேல் காற்றையும் கீழ் காற்றையும் பிரித்து வைத்தது. அது இல்லாவிட்டால் கீழே விட்ட சூட்டையே விசிறி திரும்ப இழுக்கும். ஒரு காரில் எல்லா ரப்பருக்கும் காசு போதாவிட்டால் மழைக்கான ரப்பரைப் பிந்திப் போடுங்கள், இதை முதலில் போடுங்கள். சூட்டைத் தாங்கும் அசல் மாதிரியே வேண்டும், கதவு பீடிங்கை வெட்டி ஒட்டிச் சமாளிக்க வேண்டாம்.

அம்பாறை: சீரீஸ் லாண்ட் ரோவர். மழையில் என் முழங்கால் இரண்டும் நனைகிறது.

விண்ட்ஸ்கிரீனுக்குக் கீழே காற்று வர இரண்டு மூடிகள் இருக்கின்றனவே, அவற்றின் ஸ்பொஞ்ச் போய்விட்டது. மாற்றுங்கள். மாற்றினாலும் லாண்ட் ரோவர் எங்காவது ஒழுகும். முழங்கால் தப்பினால் திருப்திப்படுங்கள்.

கல்முனை: ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையில் பாத்ரூம் சிலிக்கன் அடித்தேன். ஒழுக்கு நின்றுவிட்டது. இதில் என்ன பிழை?

அடிக்கும்போது வினாகிரி வாசம் வந்ததா? அப்படியென்றால் அது காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளியே விடுகிற வகை. பெயின்ட் உரிந்த தகரம் அதற்கு அகப்பட்டால் துருப்பிடிக்கும். அந்த இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, மீன்கண் மாதிரி குழி விழும். அடுத்தமுறை கண்ணாடியைக் கழற்ற நேர்ந்தால் கல்லில் ஒட்டியதைப் போலக் கழற்றவேண்டி வரும். விண்ட்ஸ்கிரீனுக்கென்றே இறுகாத மாஸ்டிக் இருக்கிறது, எப்போதும் களிபோல இளகியே இருக்கும். ரப்பரின் உதட்டைத் தூக்கி அதை மெல்லியதாக விடுங்கள். மிஞ்சியதை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

அக்கரைப்பற்று: புது பீடிங் போட்ட பிறகு கதவை ஓங்கி அடித்தால்தான் சாத்துகிறது.

கொஞ்சம் இறுக்கம் இருக்கத்தான் செய்யும். இரவில் கதவுகளை முழுதாகச் சாத்தி வைத்தால் சில வாரங்களில் ரப்பர் படிந்துவிடும். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் ஒரு இருபது ரூபாய்த் தாளைக் கதவுக்கும் ரப்பருக்கும் இடையில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கு ஒரு தரம் சுற்றிவரச் செய்யுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தடுத்துத் தடுத்து வந்தால் சரி. பிணைச்சல் பக்கம் அசையாமல், பூட்டுப் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் பிழை ரப்பரில் இல்லை, கதவு தொங்கியிருக்கிறது. பிணைச்சலின் ஊசி தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்த பிறகுதான் பூட்டுக் கொக்கியில் கைவைக்கவேண்டும்.

இன்னொன்று, நடுவில் குழாய் போன்ற பீடிங் என்றால் அதில் சின்னக் காற்றுத் துளைகள் இருக்கும். பசையால் அவற்றை அடைத்துவிட்டால் உள்ளே காற்று சிக்கி, கதவு திரும்ப உதைக்கும்.

சம்மாந்துறை: பெயின்ட் முதலா, ரப்பர் முதலா?

இரண்டு தரம் ரப்பர். டிங்கர் வேலை முடிந்ததும், பெயின்டுக்கு முன்னால், பசையில்லாமல் மாட்டிக் கதவு சாத்துகிறதா, இடைவெளி சமமா என்று பாருங்கள். தட்டி நிமிர்த்த வேண்டியதெல்லாம் அப்போதே. பிறகு கழற்றிப் பெயின்ட் அடித்து, அது இறுகியதும் பசையோடு ஒட்டுங்கள். ஒட்டும்போது பீடிங்கை இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் நாளடைவில் சுருங்கி, மூட்டு வாயைப் பிளக்கும். கொஞ்சம் நெருக்கித் தள்ளியே ஒட்டுங்கள். மூட்டு எப்போதும் கதவின் அடியில் வரட்டும். வெட்டிய முனைகளைச் சுப்பர் குளூவால் சேர்க்கலாம், ஈபிடிஎம்மில் அது நன்றாகப் பிடிக்கும்.

திருக்கோவில்: 1970களின் டட்சன். எந்தக் கடையிலும் இதற்கு பீடிங் இல்லை என்கிறார்கள்.

மைனர், மினி, பீட்டில் மூன்றுக்கும் வெளிநாட்டில் இன்னும் புதிதாகவே செய்கிறார்கள், பழைய ஜப்பான் கார்களுக்குத்தான் சிரமம். கார் பெயரைச் சொல்லிக் கேட்பதை விடுங்கள். பழைய பீடிங்கில் நசுங்காத இடமாகப் பார்த்து விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, அதன் குறுக்குவெட்டைக் காட்டிக் கேளுங்கள். அது செருகி நிற்கும் தகர விளிம்பின் தடிப்பையும் அளந்து வைத்திருங்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பல வடிவங்களில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள், ஒன்று பொருந்தும். கொழும்புக்குப் போகிறவரிடம் சொல்லிவிடுவதென்றால் துண்டையும் கொடுத்து அனுப்புங்கள். போட்டோ போதாது.

பொத்துவில்: மினியின் டிக்கிக்குள் மழைத்தண்ணீர், கூடவே பெற்றோல் வாசம். டிக்கி பீடிங் புதிது.

மினியில் டாங்கி டிக்கிக்குள் இருக்கிறது. பெற்றோல் விடும் கழுத்து காரின் உடல் தகரத்தைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, அது வெடித்திருக்கும். இந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஈபிடிஎம் போடாதீர்கள், பெற்றோலில் வீங்கிவிடும். நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். அதோடு பின் லைட்டுகளின் அடி ரப்பரையும் பாருங்கள், அங்கேயும் தண்ணீர் இறங்கும். வாசம் முழுதாகப் போகும்வரை அந்தக் காருக்குப் பக்கத்தில் வெல்டிங் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.