சோர்ஸ் கேட்டால் ரெப்போ ஏன் கையை விரிக்கிறது?

கேள்வி: பிறையில் ஒரு தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் டெபியன் லினக்ஸ். நாங்களே திருத்திய சில பேக்கேஜ்களை உள்ளூர் சர்வரில் ரெப்போவாக (மற்ற கணினிகள் பேக்கேஜ்களை இறக்கிக்கொள்ளும் கிடங்காக) வைத்திருக்கிறேன். இன்ஸ்டால் ஆகிறது, ஆனால் மூல நிரலை இறக்கும் 'ஆப்ட் சோர்ஸ்' கட்டளையைக் கொடுத்தால் சோர்ஸ் பேக்கேஜே இல்லை என்கிறது. டிபிகேஜி-ஸ்கேன்பேக்கேஜஸ் ஓட்டித்தானே இண்டெக்ஸ் செய்தேன்?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அது பாதி வேலைதான். ஸ்கேன்பேக்கேஜஸ், இன்ஸ்டால் செய்யத் தயாராக இருக்கும் டெப் கோப்புகளை மட்டும் படித்து 'பேக்கேஜஸ்' என்ற இண்டெக்ஸை, அதாவது பட்டியலை, எழுதும். சோர்ஸுக்கு 'சோர்ஸஸ்' என்று தனி இண்டெக்ஸ் வேண்டும், அதை எழுதுவது டிபிகேஜி-ஸ்கேன்சோர்ஸஸ். இரண்டும் டிபிகேஜி-டெவ் பேக்கேஜிலேயே வருகின்றன, அதனால் உங்கள் சர்வரில் ஏற்கெனவே இருக்கும்.

ஓட்டுவதற்கு முன், டிஎஸ்சி என்று முடியும் கோப்புகள் (சோர்ஸ் பேக்கேஜின் விவரக் குறிப்புகள்) ரெப்போவில் இருக்கின்றனவா பாருங்கள். ஸ்கேன்சோர்ஸஸ் தேடுவது அவற்றைத்தான். பில்ட் செய்யும்போது பலர் பழக்கத்தில் '-பி' போட்டுவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் டெப் மட்டும்தான் கிடைக்கும், டிஎஸ்சி உருவாகவே உருவாகாது. அதை எடுத்துவிட்டு பில்ட் செய்து, டிஎஸ்சியையும் அதில் பெயர் குறிப்பிட்டிருக்கும் டார் கோப்புகளையும் (மூல ஆசிரியரின் ஒரிஜ், உங்கள் திருத்தங்கள் உள்ள டெபியன் டார்) ஒரே இடத்தில் வையுங்கள்.

அப்புறம், கட்டளையை எங்கே நின்று கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் 'டைரக்டரி' என்று ஒரு வரி எழுதப்படும், ஆப்ட் அதை ரெப்போ முகவரியோடு ஒட்டித்தான் கோப்பைத் தேடிப் போகும், ஆகவே உள்ளே ஏதோ ஒரு ஃபோல்டரில் நின்று ஓட்டினால் இண்டெக்ஸ் அழகாக இருக்கும், டவுன்லோட் மட்டும் 404 என்று வந்து நிற்கும். ரெப்போவின் வேரில் நின்று ஓட்டுங்கள். மற்ற கணினிகளில், சோர்ஸை எங்கே தேடுவது என்று ஆப்ட்டுக்குச் சொல்லும் டெப்-எஸ்ஆர்சி வரியும் இருக்க வேண்டும். புது வடிவ சோர்ஸஸ் கோப்பு (அந்தக் கணினியில் ரெப்போ முகவரிகள் இருக்கும் கோப்பு, மேலே சொன்ன இண்டெக்ஸ் அல்ல) என்றால் 'டைப்ஸ்' வரியில் டெப் பக்கத்திலேயே அதையும் சேர்த்தால் போதும்.

கேள்வி: சோர்ஸஸ் இண்டெக்ஸை மறுபடி எழுதியதிலிருந்து ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) பொருந்தவில்லை என்று எரர். 'டிரஸ்டட்=யெஸ்' போட்டும் போகவில்லையே?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: போகாது. அது கையெழுத்துச் சோதனையைத்தான் தளர்த்தும். இண்டெக்ஸ்களின் ஹேஷும் அளவும் 'ரிலீஸ்' கோப்பில் பதிவாகியிருக்கின்றன. இண்டெக்ஸ் மாறியது, ரிலீஸ் பழையதாகவே கிடக்கிறது, அவ்வளவுதான். ஆப்ட்-எஃப்டிபிஆர்க்கைவ் கொண்டு ரிலீஸைப் புதிதாக எழுதி, ஜிபிஜி கையெழுத்தை மறுபடி போடுங்கள்.

ஆப்ட் அப்டேட் சரியாக ஓடி, சோர்ஸை இறக்கும்போது மட்டும் இந்த எரர் வந்தால் சந்தேகப்பட வேண்டியது டிஎஸ்சியில் கையெழுத்துப் போடும் டெப்சைன் கருவியை. சோர்ஸஸ் இண்டெக்ஸில் டிஎஸ்சி கோப்பின் ஹேஷும் இருக்கிறது. இண்டெக்ஸ் எழுதிய பிறகு டிஎஸ்சியில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கோப்பே மாறிவிடும், ஹேஷ் எப்படிப் பொருந்தும்? முதலில் டிஎஸ்சிக்குக் கையெழுத்து, பிறகு இண்டெக்ஸ், பிறகு ரிலீஸ், கடைசியாக ரிலீஸுக்குக் கையெழுத்து. இந்த வரிசையைக் கையால் காப்பாற்றுவது தொல்லை என்றால் ரெப்போவை நிர்வகிக்கும் ரெப்ரெப்ரோவுக்கு மாறிவிடுங்கள், டிஎஸ்சி கையெழுத்து தவிர இண்டெக்ஸ், ரிலீஸ், (சாவியை அமைத்துக் கொடுத்தால்) ரிலீஸ் கையெழுத்து எல்லாவற்றையும் அது தானே செய்துகொள்ளும். பேக்கேஜ்கள் பெருகிவிட்டால் என் ஓட்டு அதற்குத்தான்.

கேள்வி: எங்கள் ஆபீசுக்குள் மட்டும்தான் பயன்படுத்துகிறோம். சோர்ஸை ரெப்போவில் வைத்தே ஆக வேண்டுமா?
- வாசகர், ஜார்ஜ் டவுன்

பதில்: ஒரே நிறுவனத்துக்குள் என்றால் ஜிபிஎல் (மென்பொருளைக் கொடுத்தால் சோர்ஸையும் கொடுக்கச் சொல்லும் உரிமம்) கட்டாயப்படுத்தாது. ஆனால் திருத்திய ஜிபிஎல் மென்பொருளை வாடிக்கையாளரின் கணினியில் போட்டுக் கொடுக்கும் அன்றே கதை மாறிவிடும், அந்த டெப் எதிலிருந்து வந்ததோ அந்தச் சோர்ஸ் அவருக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும். இப்போதே டெப் பக்கத்தில் வைத்துவிடுங்கள் சார், இரண்டு வருடம் கழித்து எந்தத் திருத்தம் எந்தப் பதிப்பில் போனது என்று யார் உட்கார்ந்து தேடுவது?