நாற்பது டிகிரி வெயிலும் வடகாற்றும்: கிளைடர் போட்டி நாளைத் திட்டமிடுவது எப்படி?

வாசகர் கேள்வி: மெல்பர்னில் வசிக்கிறேன். கிளைடர் ஓட்டக் கற்று, தனியாக நெடுந்தொலைவு பறக்கும் தகுதியும் பெற்றிருக்கிறேன். வரும் ஜனவரியில் பெனல்லாவில் நடக்கும் ஒரு போட்டியில், இறக்கையில் தண்ணீர் நிரப்பக்கூடிய 15 மீட்டர் ஸ்டாண்டர்டு வகைக் கிளைடருடன் முதன்முறையாகக் கலந்துகொள்ளப் போகிறேன். வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, வடக்கிலிருந்து மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றும் வீசும் நாள்கள் அங்கே வருவதுண்டு என்கிறார்கள். அப்படிப்பட்ட நாளில் எதிர்காற்றில் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று ஒருவரும், தண்ணீரை ஏற்றவே கூடாது என்று இன்னொருவரும், மற்றவர்களுக்குப் பின்னால் தாமதமாகக் கிளம்பு என்று மூன்றாமவரும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: அந்த மூன்று ஆலோசனைகளிலும் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் நீங்கள் விவரிக்கும் நாளுக்கு மூன்றுமே அப்படியே பொருந்தாது. காரணம், விக்டோரியாவில் கோடைக்கால வடகாற்று தனித்து வருவதில்லை. கண்டத்தின் உட்பகுதியில் காய்ந்த காற்றைத் தெற்கே இழுத்துவரும் அந்த ஓட்டத்துக்குப் பின்னால், தென்மேற்கிலிருந்து ஒரு குளிர் முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, பெரும்பாலும் நெருங்கிக்கொண்டிருக்கும். ஆகவே இது வெறும் வெயில் நாள் அல்ல. முடிவு நேரம் குறிக்கப்பட்ட நாள். உங்கள் திட்டம் அந்த முடிவு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்பட வேண்டும்.

1987இலும் 2017இலும் உலகக் கிளைடர் போட்டிகள் நடந்த இடம் பெனல்லா. அதன் வடக்கே மர்ரே ஆற்றுச் சமவெளி விரிந்து கிடக்கிறது. தெற்கிலும் தென்கிழக்கிலும் நிலம் உயர்ந்து மலையாகிறது. வடகாற்று நாளில் வடக்கே உள்ள டோகும்வால் அல்லது ஜெரில்டெரி ஊர்களை நோக்கிய பாதை கொடுக்கப்பட்டால், முதல் பகுதி முழுவதும் எதிர்காற்றாக இருக்கும். திரும்பும்போது பின்காற்று மலைப்பக்கமாகத் தள்ளும். விமானத்தளத்தைத் தாண்டித் தெற்கே இழுபட்டுப் போனவருக்கு இறங்க நல்ல வயல்கள் குறைவு என்பதை வரைபடத்தைப் பார்க்கும்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

காலையில் தரையில் காற்றே இல்லாதிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். இரவில் தரையை ஒட்டிக் குளிர்ந்து தேங்கிய காற்றின் மேல், சில நூறு மீட்டர் உயரத்திலேயே பலத்த ஓட்டம் இருக்கக்கூடும். நான்கு முறை உலகச் சாம்பியனான இங்கோ ரென்னர், 1974 அக்டோபரில் டோகும்வாலில், தரையருகே அசைவின்றியும் 300 மீட்டருக்கு மேல் 40 நாட் (மணிக்கு ஏறத்தாழ 74 கிலோமீட்டர்) வேகத்திலும் காற்று இருந்த ஒரு நாளில், அந்த இரு அடுக்குகளுக்கிடையே மாறி மாறிப் பாய்ந்தே உயரத்தைத் தக்கவைத்துக்கொண்டார். உங்களுக்கு அதிலிருந்து வேண்டிய செய்தி எளியது: முன்னறிவிப்பில் தரைக்காற்றை மட்டும் பார்க்காமல் 1,000, 2,000, 3,000 மீட்டர் உயரங்களின் காற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறி மேலும் கீழும் கலக்கத் தொடங்கியவுடன் அந்த மேல்காற்று தரைக்கு வந்துவிடும்.

மேகம் தோன்றுமா என்பதைத் தோராயமாகக் கணிக்கலாம். தரை வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள இடைவெளியின் ஒவ்வொரு டிகிரிக்கும் மேகத்தின் அடித்தளம் 125 மீட்டர் உயரும். வெப்பம் 40, பனிநிலை 5 என்றால் அடித்தளம் 4,300 மீட்டருக்கு மேல். வெப்ப ஏற்றங்கள், அதாவது சூடாகி மேலெழும் காற்றோட்டங்கள், அவ்வளவு உயரம் எட்டாவிட்டால் வானம் நீலமாகவே இருக்கும். எங்கே ஏறலாம் என்று காட்ட ஒரு மேகமும் இராது. எட்டினால், ஆஸ்திரேலியாவில் 10,000 அடிக்கு மேல் ஆக்சிஜன் பயன்படுத்த வேண்டும் என்பதால், அந்தக் கருவியைக் காலையிலேயே சோதித்துவிட வேண்டும்.

அடுத்து உங்கள் உடல். வெப்பம் ஆளை வீழ்த்துவது வானத்தில் அல்ல, கிளைடர்கள் வரிசையாகக் காத்திருக்கும் ஓடுபாதையில்தான். ஏறும்போது ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைவதால், தரையில் 40 இருக்கும்போது 10,000 அடியில் 10 டிகிரி அளவே இருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு அங்கே நடுங்கவும் நேரிடும். ஆனால் இழுவை விமானத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இழந்த நீர், நான்கு மணி நேரம் கழித்து இறங்கும் வேளையில் தவறான முடிவாக வெளிப்படும். ஆகவே காலையிலிருந்தே தொடர்ந்து குடியுங்கள். உப்பிட்ட மோர் இதற்கு மிகவும் ஏற்றது. விமானத்தில் குறைந்தது மூன்று லிட்டர் குடிநீர் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கழிக்கும் வழியை முன்பே அமைத்துக்கொள்ளாதவர்கள் அறியாமலேயே குறைவாகக் குடிக்கிறார்கள். கூச்சப்பட்டு இதைத் தள்ளிப்போட வேண்டாம். தலைவலி, எரிச்சல், தசைப்பிடிப்பு ஆகியவை தொடங்கிவிட்டால் அன்று வரிசையிலிருந்து விலகிவிடுங்கள்.

காத்திருக்கும் வேளையில் விதானத்தை (இருக்கையின் மேலுள்ள கண்ணாடி மூடியை) மூடி, அதன் மேல் வெள்ளை உறை போட்டுவைக்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் வளைந்த அந்தக் கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவித்து இருக்கையைக் கருக்கிவிடும். காற்றின் ஓர் அடி அதைப் பிடுங்கி உடைத்துவிடவும் கூடும்.

இனித் தண்ணீர் நிரப்புவது பற்றி. 40 டிகிரியில் பெனல்லாவின் காற்று, 3,500 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் இருப்பது போல மெலிந்திருக்கும். ஓட்டம் நீளும், இழுவை விமானம் மெதுவாக ஏறும், பக்கக்காற்றில் தண்ணீர் நிறைந்த இறக்கை தரையில் சாய்ந்தால் நிமிர்த்துவதும் சிரமம். தண்ணீர் வேண்டாம் என்று சொன்னவர் இதை நினைத்தே சொல்லியிருப்பார். ஆனால் எதிர்காற்றில் எடைதான் துணை. சதுர மீட்டருக்கு 35 கிலோவாக இருக்கும் இறக்கைச் சுமையை (இறக்கைப் பரப்பு தாங்கும் எடையை) 50 கிலோவாக்கினால், அதே சறுக்கல் விகிதம் (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் முன்னேறும் தொலைவு) ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் வேகத்தில் கிடைக்கும். மணிக்கு 120 கிலோமீட்டரில் 38க்கு 1 சறுக்கும் கிளைடர், 40 கிலோமீட்டர் எதிர்காற்றில் தரைக்கணக்கில் 25க்கு 1தான் தரும். தண்ணீருடன் 143இல் பறந்தால் அது 27க்கு மேல் உயரும். ஏற்றங்கள் நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் எதிர்பார்க்கப்பட்டால் நிரப்பியே செல்லுங்கள் என்பது என் தெளிவான கருத்து. தாழ்ந்து சிக்கிக்கொண்டால் ஒரு பகுதியைத் திறந்துவிடலாம். ஆனால் இறக்கைத் தண்ணீர் முழுவதும் வெளியேறச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், வயலில் இறங்க நேரும் என்று தோன்றியவுடனே வால்வைத் திறக்க வேண்டும்.

தாமதமாகக் கிளம்புவது நீலவான நாளுக்கு நல்ல உத்தி. முன்னால் சுற்றிக்கொண்டிருக்கும் கிளைடர்களே ஏற்றத்தின் அடையாளமாக அமையும். குளிர் முகப்பு வரும் நாளில் அந்த உத்தி செல்லாது. பாதை 300 கிலோமீட்டர், உங்கள் எதிர்பார்ப்பு மணிக்கு 95 கிலோமீட்டர் என்றால் மூன்றே கால் மணி நேரம் வேண்டும். காற்று மாறுவது மாலை 5:30 மணிக்கு என அறிவிக்கப்பட்டிருந்தால், முன்னறிவிப்பு ஒரு மணி நேரம் தவறலாம் என்று கொண்டு, பகல் 1:15 மணிக்குள் தொடக்கக் கோட்டைத் தாண்டிவிட வேண்டும். தொடக்கக் கோட்டருகே காத்திருக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் தெற்கே அடித்துச் செல்லப்படுகிறீர்கள் என்பதால், இடைவிடாமல் வடக்கு நோக்கி நகர்ந்து, கோட்டுக்கு அருகிலேயே இடம் பிடித்திருங்கள்.

எதிர்காற்றுப் பகுதியைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனெனில் அன்றைய புள்ளிகள் அங்கேதான் தீர்மானமாகின்றன. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 110 கிலோமீட்டர் சராசரி எடுப்பவர், 100 கிலோமீட்டர் எதிர்காற்றில் போய் அதே தொலைவு பின்காற்றில் திரும்பினால், போக 86 நிமிடமும் வர 40 நிமிடமும் ஆகி, சராசரி 95 ஆகச் சுருங்கும். பின்காற்று திருப்பித் தருவது எதிர்காற்று எடுத்துக்கொண்டதைவிடக் குறைவு. மொத்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு எதிர்காற்றில் கழிவதால், அங்கே செய்யும் சிறு பிழையும் இரட்டிப்பாகும். குறிப்பிட்ட புள்ளிகளுக்குப் பதிலாகப் பரப்புகளைத் தொட்டுத் திரும்பும் பரப்பு வகைப் போட்டியாக இருந்து, எந்தப் பகுதியை எவ்வளவு நீட்டுவது என்ற உரிமை உங்களுக்கு இருந்தால், ஏற்றங்கள் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எதிர்காற்றைக் கடக்கும்படி திட்டமிடுங்கள்.

எதிர்காற்றில் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்ற ஆலோசனை இங்கேதான் தவறுகிறது. 1956இல் பிரான்சில் உலகச் சாம்பியனான பால் மக்ரீடியின் பெயரால் வழங்கும் கோட்பாட்டின்படி, இரு ஏற்றங்களுக்கிடையே பறக்கும் வேகம் அடுத்த ஏற்றத்தின் வலிமையைப் பொறுத்தது. ஏற்றங்களும் கிளைடரும் ஒரே காற்றில் மிதந்து செல்வதால், நடுவழியில் காற்றுக்காக அந்த வேகத்தை மாற்றத் தேவையில்லை. தரையின் ஒரு குறிப்பிட்ட இடத்தை அடைய வேண்டியபோதுதான், அதாவது இனி ஏறாமல் தளத்தை நோக்கிச் செல்லும் இறுதிச் சறுக்கலிலும், பாதை திரும்ப வேண்டிய திருப்பப் புள்ளியை நெருங்கும்போதும் காற்று கணக்கில் வரும். நொடிக்கு இரண்டு மீட்டர் ஏற்றத்தில் 1,000 மீட்டர் ஏற எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஐந்தரை கிலோமீட்டர் பின்னுக்குப் போய்விடுவீர்கள். ஆகையால் வடக்கிலுள்ள திருப்பப் புள்ளியைத் தாழ்வாகச் சென்று தொட்டு, திரும்பிய பிறகு ஏறுங்கள். அப்போது காற்று உங்களை வீட்டுப் பக்கம் கொண்டுசெல்லும். காற்று போகும் பக்கத்திலுள்ள புள்ளிக்கு இதற்கு நேர்மாறாக, முன்பே ஏறிக்கொண்டு உயரத்துடன் செல்ல வேண்டும். தாழ்வாக என்பதைப் பாதுகாப்பான எல்லைக்குள் புரிந்துகொள்ளுங்கள். இவ்வளவு காற்றில் 600 மீட்டருக்குக் கீழே ஏற்றங்கள் கிழிந்து துண்டுதுண்டாக இருக்கும். அங்கே தட்டுத்தடுமாறி ஏறும் பத்து நிமிடங்களில் அதுவரை சம்பாதித்த தொலைவில் பெரும்பகுதி போய்விடும்.

இத்தகைய காற்றில் ஏற்றங்கள் காற்றின் திசையிலேயே வரிசை கட்டும். மேகம் இருந்தால் அந்தத் தெருக்கள் கண்ணுக்குத் தெரியும்; நீலவானத்திலும் அவை இருக்கும், தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏற்றத்தைவிட்டு வெளியேறும்போது நேராகக் காற்றை நோக்கிச் செல்லுங்கள். காற்று உங்களைத் தொடர்ந்து தாங்கினால், சுற்றாமலேயே வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் பல கிலோமீட்டர் முன்னேறலாம். இறக்கம் விடாமல் நீடித்தால் நீங்கள் இரு தெருக்களுக்கு நடுவே இருக்கிறீர்கள். அதே திசையில் பிடிவாதமாகப் போகாமல் செங்கோணமாக ஒதுங்குங்கள். தெருக்களின் இடைவெளி, ஏற்றங்கள் எட்டும் உயரத்தைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கும் என்பதால், 3,000 மீட்டர் நாளில் அடுத்த தெரு அதிகபட்சம் ஒன்பது கிலோமீட்டருக்குள் கிடைக்கும்.

சுற்றும்போது கிளைடர், ஏற்றத்தின் சாய்ந்த தண்டிலிருந்து காற்று போகும் பக்கமாக நழுவிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு சில சுற்றுகளுக்கும் ஒருமுறை காற்றை நோக்கிச் சிறிது தள்ளிச் சுற்றுங்கள். தாழ்ந்திருக்கும்போது, டிசம்பரில் கோதுமை அறுத்த தாள் நிலங்களும் உழுத வயல்களும் புழுதிச் சுழல்களும் உங்கள் இலக்கு. அவற்றின் நேர் மேலே அல்ல, காற்று போகும் பக்கத்தில் தேட வேண்டும். மர்ரேக்கு வடக்கே ஜனவரியில் தண்ணீர் நிற்கும் நெல் வயல்களைப் பார்த்து ஊர் நினைவு வரலாம். ஆனால் அவற்றின் மேல் ஏற்றம் பலவீனமாகவே இருக்கும் என்பதால் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

இறுதிச் சறுக்கலில்தான் இந்த வகை நாள் புதியவர்களை ஏமாற்றுகிறது. மணிக்கு 150 கிலோமீட்டரில் 36க்கு 1 சறுக்கும் கிளைடருக்கு, 40 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கக் காற்றில்லாதபோது 1,110 மீட்டர் தேவை; 40 கிலோமீட்டர் பின்காற்றில் 880 போதும். கருவி அந்த 880ஐக் காட்டி வழியனுப்பும். ஆனால் நீங்கள் வந்துகொண்டிருக்கும்போதே தென்மேற்கு மாற்றம் பெனல்லாவைக் கடந்துவிட்டால், மீதித் தொலைவு எதிர்காற்றாகிவிடும்; முழுத் தொலைவும் அப்படி ஆனால் தேவை 1,500 மீட்டர். கருவி அறிந்திருப்பது உங்களைச் சுற்றியுள்ள காற்றை மட்டுமே. ஆகவே மாற்றம் எதிர்பார்க்கப்படும் மாலையில், காற்றே இல்லை என்று வைத்துக் கணக்கிட்ட உயரத்துக்குக் குறைவாக ஒருபோதும் புறப்படாதீர்கள். தளத்தின் காற்றை வானொலியில் கேளுங்கள். தென்மேற்கு அடிவானத்தில் புழுதிச் சுவரோ, திசை மாறிச் சாயும் புகையோ தெரிகிறதா என்று பாருங்கள். முகப்பின் முன்விளிம்பில் வலுவான ஏற்றம் உண்டு, தேர்ந்தவர்கள் அதைப் பயன்படுத்துவதும் உண்டு. முதல் போட்டியில் அதை முயல வேண்டாம். அது உங்களுக்கும் வீட்டுக்கும் நடுவே வந்துவிட்டால், அது வந்து சேர்வதற்குள் நல்ல வயலில் இறங்கிவிடுவதே சரி. அன்றைய ஆயிரம் புள்ளிகளில் வேகப் புள்ளிகள் போகும். கடந்த தொலைவுக்கான புள்ளிகள் கிடைக்கும்.

வயலைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றின் திசையைப் புழுதியிலும் அணைக்குட்டைகளின் அலைகளிலும் பாருங்கள். குட்டையில் அசைவற்றிருக்கும் கரையே காற்று வரும் பக்கம். கிராமப்புற விக்டோரியாவில் ஒற்றைக் கம்பியில் செல்லும் மின்தடங்கள் மேலிருந்து தெரியா. நெடுந்தொலைவில் நிற்கும் கம்பங்களையும், பண்ணை வீடுகளுக்குச் செல்லும் வழியையும் வைத்துத்தான் அவற்றை ஊகிக்க வேண்டும். இறங்கும் வேகத்துக்கு, நின்றுபோகும் வேகத்தின் (இறக்கை தூக்கும் ஆற்றலை இழக்கும் வேகத்தின்) ஒன்றரை மடங்குடன் காற்றின் வேகத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்: 75 கிலோமீட்டரில் நின்றுபோகும் கிளைடருக்கு 40 கிலோமீட்டர் காற்றில் ஏறத்தாழ 130. கடைசித் திருப்பத்தை வயலுக்கு அருகிலேயே வையுங்கள்.

தீ அபாயத்தையும் இதே கவனத்தோடு பாருங்கள். மெல்பர்னில் 46.4 டிகிரி பதிவான 2009 பிப்ரவரி 7 அன்று, காற்று தென்மேற்குக்குத் திரும்பியபோது தீயின் நீண்ட பக்கவாட்டு முழுவதும் முன்முகமாக மாறியது; அந்த நாளின் தீயில் 173 பேர் இறந்தார்கள். புகைத்தூண் பெரிய ஏற்றத்தைத் தரும் என்று அதன் அருகே போகாதீர்கள். தீயணைப்பு விமானங்கள் அங்கே தாழப் பறக்கும். உங்களை அழைத்துச் செல்ல வருபவர் காய்ந்த புல்லின் மேல் காரை ஓட்டக் கூடாது. சூடான புகைக்குழாய் ஒன்றே தீ மூட்டப் போதும். கார் சாலையிலோ வெறும் தரையிலோ நிற்க, நிலத்துக்காரரிடம் அனுமதி பெற்று, அவர் காட்டும் வழியாகவே டிரெய்லரைக் கொண்டுவர வேண்டும். தீ அபாய அறிவிப்பு மிக உயர்ந்திருக்கும் நாளில் போட்டி இயக்குநர் பறப்பை ரத்து செய்யாவிட்டாலும், கிளம்பாதிருக்கும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு.

தளத்துக்கே திரும்பிவிட்டாலும், காற்று மாறுவதற்குள் கிளைடரைக் கட்டிவிட வேண்டும். வடகாற்றுக்கு ஏற்ப மட்டும் கட்டப்பட்ட கிளைடரைத் தென்மேற்கு அடி பின்னாலிருந்து தூக்கும் என்பதால், இறக்கைகளையும் வாலையும் சேர்த்துக் கட்டி, கட்டுப்பாட்டுத் தண்டைப் பூட்டுங்கள். கழற்றி டிரெய்லரில் ஏற்றுவதாக இருந்தால், மேல்மூடியைத் திறக்கும் முன் டிரெய்லரைக் காரோடு பிணைத்து, காற்றை நோக்கி நிறுத்துங்கள்.