டெக்சாஸ் ஜெயிலில் இருக்கும் தம்பிக்கு ஜாமீன்

வணக்கம் சகோதரி. ஜார்ஜியாவின் பழைய செக் மோசடி வாரண்டுக்காகத் தம்பியை டெக்சாஸில் பிடித்து 12 நாளாகிறது, ஜாமீனே கிடையாது என்று ஜெயில் ஊழியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் நீதிபதி, ஊழியர் அல்ல.

முதலில் ஒன்றைக் கேளுங்கள்: டெக்சாஸ் கவர்னரின் வாரண்ட், அதாவது தம்பியை ஜார்ஜியாவிடம் ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு, வந்துவிட்டதா? அது வரும்வரை, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால் நீதிபதி ஜாமீன் தரலாம். வந்துவிட்டால் ரொம்பக் கஷ்டம். அதனால் மனுவை இந்த வாரமே போடச் சொல்லுங்கள். கவர்னர் வாரண்ட் வரக் காத்திருந்து முதலில் 30 நாள் ஜெயிலில் வைத்திருக்கலாம், நீதிபதி இன்னும் 60 நாள் நீட்டிக்கலாம்.

அப்புறம், ‘வெய்வர்’ என்று, ஒப்படைப்புக்குச் சம்மதிக்கும் ஒரு தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால் கவர்னர் வாரண்டே தேவையில்லை, எதிர்த்து வாதாடும் உரிமையும் போய்விடும். சின்ன வழக்கென்றால் சீக்கிரம் ஜார்ஜியா போய் அங்கே ஜாமீன் கேட்பதே நல்லது என்றுகூட ஆகலாம். ஆனால் வக்கீலிடம் பேசாமல் தம்பி பேனாவைத் தொடவே கூடாது.

கவர்னர் வாரண்டை எதிர்த்து டெக்சாஸில் ஆட்கொணர்வு மனு போடலாம். ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1978 மிச்சிகன் எதிர் டோரன் தீர்ப்புப்படி நீதிமன்றம் பார்ப்பது நான்குதான்: தாள்கள் ஒழுங்கா, அங்கே குற்றச்சாட்டு உண்டா, இவர்தான் அவரா, தப்பி வந்தவரா. ‘நான் செய்யவில்லை’ என்பது இங்கே எடுபடாது. பிறந்த தேதியோ கைரேகையோ பொருந்தாவிட்டால் அதை உடனே சொல்லுங்கள்.

தம்பி விசாவில் இருந்தால் குடியேற்ற வக்கீலையும் இன்றே கூப்பிடுங்கள்.