ஒரே டிபி மாத்திரை, எனக்கு மட்டும் ஏன் கால் எரிச்சல்?

கேள்வி: எனக்கும் தம்பிக்கும் ஒரே சமயத்தில் காசநோய் சிகிச்சை தொடங்கியது. இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரே அளவு. இரண்டு மாதமாக எனக்குப் பாதத்தில் மதமதப்பு, எரிச்சல். தம்பிக்கு ஒன்றுமில்லை. எனக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். பிறகு சிகிச்சை கடினமாகிவிடும். எரிச்சலுக்கு வழி இருக்கிறது.

உங்கள் கூட்டு மாத்திரையில் உள்ள ஐசோனியசிட்தான் பெரும்பாலும் காரணம். அதைக் கல்லீரலில் ஒரு நொதி மாற்றி வெளியேற்றுகிறது. என்.ஏ.டி.2 என்ற மரபணுவைப் பொறுத்தது அந்த நொதியின் வேகம். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் வருகின்றன. இரண்டுமே வேகம் குறைந்தவையாக அமைந்துவிட்டால் மருந்து மெதுவாகத்தான் கழியும். சிலருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பாதியாகிவிடும் மருந்து, இவர்களுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ எடுக்கும். கூடப்பிறந்தவர்களுக்குள்ளும் இது மாறலாம். தென்னிந்தியர்களில் பாதிப் பேருக்கு மேல் மெதுவான வகைதான். ஜப்பானியர்களிலோ பத்தில் ஒருவர் அளவே. ஆகவே இதைக் குறையாக எண்ண வேண்டாம்.

வேகமாகக் கழிந்தாலும் சங்கடம் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் வாரம் ஒருமுறை மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேகமாகக் கழிப்பவர்களுக்கே பலன் குறைந்தது. தினமும் சாப்பிடும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. அதனால்தான் எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை செய்வதில்லை. உங்களுக்கும் இப்போது அவசியமில்லை.

ஐசோனியசிட் உடம்பில் அதிக நேரம் தங்கினால் பி6 வைட்டமின் வேலை செய்ய முடியாமல் போகிறது. கால் நரம்புகள் அதைத்தான் முதலில் காட்டிக்கொடுக்கின்றன. மருந்து தரும் மையத்தில் இன்றே சொல்லி, பிரிடாக்சின் (அதாவது பி6) மாத்திரை தருகிறார்களா என்று கேளுங்கள். வராமல் தடுக்கத் தினமும் 10 மி.கி. போதும், வந்துவிட்ட எரிச்சலுக்கு மருத்துவர் கூட்டித் தருவார். நீங்களாகக் கடையில் வாங்கி அள்ளிப் போடாதீர்கள். பி6 மிஞ்சினாலும் நரம்பு கெடும். சர்க்கரை நோய், குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவையும் இதே எரிச்சலைத் தரும்.

மெதுவாகக் கழிப்பவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கும் வாய்ப்பும் சற்று அதிகம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது, அதே கூட்டு மாத்திரையில் உள்ள இன்னொரு மருந்தான ரிஃபாம்பிசினால், பயமில்லை. கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். அடுத்த வேளை மாத்திரை அவர் சொன்ன பிறகுதான்.