ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் குளிருக்கு வீட்டை எப்படித் தயார் செய்வது?

தர்மபுரியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குக் குடிமாறுகிறோம், மாடியில் பழைய சோலார் ஹீட்டர் இருக்கிறது, வீட்டில் கைக்குழந்தையும் வயதான மாமியாரும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள்.

தர்மபுரி 500 மீட்டர் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி எல்லாம் 900 மீட்டரை ஒட்டி, சில இடங்களில் அதற்கும் மேலே. அந்த 400 மீட்டருக்கே இரண்டரை டிகிரி குறைந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறிய சுவர் மார்கழியிலும் காயாமல் நிற்பது. ஈரச்சுவர் சூட்டை வேகமாக வெளியே விடும், பூஞ்சையும் பிடிக்கும். கம்பளி வாங்கப் போகுமுன் சுவரைப் பாருங்கள்.

ஒரு அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: மாடி விரிசல், சன்ஷேடு ஓரம், குழாய்க் கசிவு இவற்றைத் தேட வேண்டும். வெளிப்பக்கம் கோத்தால் அது அறைக் காற்றின் ஈரம்; ஜன்னலைத் திறந்துவிட்டாலே பாதி சரியாகும். உள்ளே துணி காயப்போடுவதையும் நிறுத்துங்கள். இது தெரியாமல் பெயிண்ட் அடித்தால் இரண்டே மாதத்தில் பொரிந்து உரியும். விரிசலை மேலோடு பூசாமல் 'வி' வடிவில் வெட்டி, தூசி தட்டி, பாலிமர் கலந்த சிமென்டால் அடைக்கச் சொல்லுங்கள். மாடித் தண்ணீர் போகும் வாயில் இலை சேரவிடாதீர்கள். தீபாவளியோடு மழை முடிந்தது என்று இருந்துவிடவும் கூடாது: 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது.

அடுத்தது சோலார். இந்த மாவட்டத்து போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. இரண்டு மூன்று வருஷம் கழுவாத கண்ணாடிக் குழாயின் அடியில் சுண்ணாம்புச் சேறு கெட்டியாக உட்கார்ந்திருக்கும். வெயில் அடித்தும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டாது. விடிவதற்குள் வேலையை ஆரம்பியுங்கள். வெயிலில் காய்ந்த வெறுங்குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் படீரென்று வெடிக்கும். மதியம் சுத்தம் செய்ய வருகிறேன் என்கிற ஆளை வேண்டாமென்று சொல்லிவிடலாம். தண்ணீர் வரும் வால்வை மூடி, டேங்கை வடித்து, ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, குழாயைத் திருகினாற்போல் மெல்ல இழுங்கள். ஒரு குழாய் இரண்டரை லிட்டருக்கு மேல் பிடிக்கும். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து ஊற்றி அரை மணி நேரம் விட்டு, நீளமான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். குழாயின் அடி நுனி கண்ணாடிபோல் வெள்ளியாக மின்னினால் நல்லது. பால்போல் வெளுத்திருந்தால் இரட்டைக் கண்ணாடிச் சுவருக்கு நடுவே சூட்டைக் காக்கும் வெற்றிடம் போய்விட்டது. கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

குழாயெல்லாம் நன்றாக இருந்தும் வெந்நீர் வர நேரமாகிறதென்றால் பைப்பைப் பாருங்கள். முக்கால் அங்குல சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப் 15 மீட்டர் ஓடினால் அதற்குள் நாலு லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும். வெளியில் தெரியும் பைப் முழுவதும் கறுப்பு ஃபோம் உறை போடுங்கள். தொடர்ந்து மூட்டமாக இருக்கும் நாளில் சோலார் கைவிட்டுவிடும், அதற்கு 15 லிட்டர் கீசர் ஒன்று போதும். 2 கிலோவாட் கீசர் 20 டிகிரித் தண்ணீரை 50 ஆக்கக் கால் மணி நேரம் எடுக்கும், அரை யூனிட் செலவு. 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் மாட்டுங்கள். 6 ஆம்பியர் பிளக் உருகிவிடும். வாட்டர் ராடு புழங்கும் வீடானால், மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் உடனே கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் கட்டாயம் கேளுங்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது, அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரலாம்.

அதே காரணத்துக்காகத்தான், கதவடைத்த அறையில் கரிச்சட்டி வைத்துக் குளிர் காய்வதும் கூடாது. புகை அடங்கிய கங்குதான் மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, கண்ணும் எரியாது. தூக்கத்திலேயே ஆள் போய்விடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதில் சமரசமே வேண்டாம்.

ஜன்னலைக் காலை பத்து மணிக்குத் திறந்து, சாயங்காலம் ஐந்து மணிக்குள் சாத்திவிடுங்கள். வெண்டிலேட்டரை மட்டும் அடைக்காதீர்கள். கிரானைட் தரை காலிலிருந்தே சூட்டை உறிஞ்சும். மாமியார் நடமாடும் இடத்தில் கோரைப்பாய், அதன்மேல் ஜமக்காளம். பெட்டியிலிருந்து எடுத்த கம்பளியை இரண்டு நாள் நல்ல வெயிலில் உதறிப் போட்டுவிட்டுத்தான் போர்த்த வேண்டும். அந்துருண்டை நெடி குழந்தைக்கு ஆகாது.

சமையலறையில் மாறுவது மாவும் தயிரும். தர்மபுரியில் எட்டு மணி நேரத்தில் பொங்கிய இட்லி மாவு இங்கே பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் கேட்கும். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறப்போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, பழைய மாவு இரண்டு கரண்டி சேர்த்துக் கையால் கரையுங்கள். பாத்திரத்தைச் சுடுதண்ணீர் அண்டாவுக்குள் இறக்கி மேலே பழைய போர்வை போட்டால் விடிவதற்குள் பொங்கிவிடும். தயிருக்குப் பால் விரல் பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும், ஹாட்பாக்ஸில் உறை ஊற்றி அசைக்காமல் விடுங்கள். தேங்காய் எண்ணெய் உறைந்தால் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், 24 டிகிரிக்குக் கீழே உறைவது அதன் இயல்பு.

ராகி மூட்டை வாங்குவதாக இருந்தால் புது அறுவடை வந்ததும் வாங்கி, பகலில் காயவைத்துப் பொழுது சாயுமுன் அள்ளிவிடுங்கள். ஒரு ராத்திரிப் பனி பட்டாலும் மூட்டைக்குள் புழுங்கி, களி கிண்டும்போது கசக்கும். அவரைக்காய் மட்டும் விதிவிலக்கு. பனி இறங்கினால்தான் அதற்கு மணம் என்பார்கள் இந்தப் பக்கம். அவரைக் கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிச் செய்யும் பிதுக்கப்பருப்புக் குழம்புக்கு மார்கழி வரை காத்திருங்கள்.